சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு: அரசியல் மேல்மட்டத்தின் பங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு நாட்டில் சர்வாதிகாரி தள்ளாடுகிறார் என்று செய்தி வந்தால் போதும், ஒரே மாதிரியான சந்தேகங்கள் கிளம்பிவிடும். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. அரசியல் மேல்மட்டம்னா யாரு? மந்திரிகளும் கட்சித் தலைவர்களும் மட்டும்தானா?

அவர்கள் மட்டுமல்ல. ஒருவர் "முடியாது" என்றால் அரசு இயந்திரம் நிற்குமா, அல்லது அவர் "நிறுத்துங்கள்" என்றால் வேலைநிறுத்தம் நிற்குமா? அந்தப் பிடி உள்ள எவரும் மேல்மட்டம்தான். ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பெருமுதலாளிகள், மதத் தலைவர்கள் ஒரு பக்கம். எதிர்க்கட்சித் தலைவர்கள், தொழிற்சங்கத்தினர், சிறையிலும் நாடுகடந்தும் இருப்பவர்கள் மறுபக்கம்.

போலந்தில் 1988-இல், கம்யூனிஸ்ட் அரசு தடை செய்திருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர் லெக் வலேசாவிடம் எந்த அரசுப் பதவியும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, உள்துறை அமைச்சர் கிஷ்சாக் அவரோடுதான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

2. தேர்தல் வெச்சுட்டாலே ஜனநாயகம் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

அர்த்தமில்லை. முதலில் தளர்வு வரும்: கைதிகள் விடுதலை ஆவார்கள், பத்திரிகைகள் கொஞ்சம் மூச்சு விடும். இதை ஆட்சியாளர் நினைத்தால் மறுநாளே திரும்பப் பெற முடியும். அடுத்தது மாற்றம்: யார் ஜெயிப்பார்கள் என்பது ஆட்சியாளரின் கையை விட்டுப் போகும் கட்டம். கடைசியாக வேரூன்றல் (16-ஆம் கேள்வியில் வருகிறது).

மியான்மரில் 2015 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. ஆனாலும் உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களையும் ராணுவத் தலைமைத் தளபதிதான் தேர்ந்தெடுத்தார். காவல்துறை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையில் இல்லாத இடத்தில் மாற்றம் பாதியில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்.

3. துப்பாக்கி, போலீஸ், கஜானா எல்லாம் கையில் இருக்கிறவங்க எதுக்கு அதிகாரத்தை விடணும்?

மனம் திருந்தி விட்டவர்கள் அபூர்வம். தொடர்ந்து ஆள்வதால் என்ன இழப்பு, விட்டு இறங்கினால் என்ன இழப்பு என்ற கணக்குதான் அவர்களை நகர்த்துகிறது. வெள்ளையர்கள் மட்டுமே ஆண்ட தென்னாப்பிரிக்காவில் 1980-களின் முடிவில் பொருளாதாரத் தடைகளும் வெளிநாட்டுக் கடன் நெருக்கடியும் கருப்பின நகரியங்களில் அடங்காத கிளர்ச்சியும் முதல் இழப்பை ஏற்றிவிட்டன. சோவியத் முகாம் சரிந்ததும், "ஆட்சியை விட்டால் கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்கள்" என்ற பயம் குறைந்து இரண்டாவது இழப்பும் இறங்கியது. 1990 பிப்ரவரி 2-ஆம் தேதி அதிபர் டி கிளார்க், மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உள்ளிட்ட அமைப்புகள் மீதான தடையை நீக்கினார்; 11-ஆம் தேதி மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

இந்த இரண்டாவது கணக்கில் எதிர்க்கட்சிகளுக்கும் கை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இறங்கினால் சிறையா, சொத்துப் பறிப்பா, பழிவாங்கலா என்ற கேள்விகளுக்கு நம்பும்படியான பதில் கிடைக்காத ஆட்சியாளர் கடைசித் தோட்டா வரை இருப்பார்.

போரில் தோற்ற ஆட்சிகளின் கதை வேறு. 1974-இல் சைப்ரஸ் விவகாரத்தில் கிரேக்க ராணுவ ஆட்சியும், 1982-இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா ராணுவ ஆட்சியும் நொறுங்கின. பேரம் பேச அவர்களிடம் கையில் எதுவும் மிஞ்சவில்லை. 8-ஆம் கேள்விக்கு வரும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

4. அப்போ தெருவில் இறங்கிப் போராடின மக்களுக்குப் பங்கே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஆளும் தரப்பின் கணக்கை மாற்றுவதே தெருதான். அது இல்லையென்றால் மேல்மட்டத்தில் யாரும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரமாட்டார்கள். ஆனால் தேர்தல் சட்டத்தின் விதிகளைக் கூட்டம் எழுத முடியாது. அதற்கு ஒரு சிலர் ஓர் அறையில் உட்கார்ந்தாக வேண்டும்.

இரண்டும் மாறி மாறி வேலை செய்யும். தென்னாப்பிரிக்காவில் 1992 ஜூனில் பொய்பட்டோங் படுகொலைக்குப் பிறகு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மேசையிலிருந்து எழுந்து போய்ப் பெருந்திரள் போராட்டங்களை நடத்தியது. செப்டம்பர் 26 அன்று அரசுடன் புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டுத் திரும்பியபோது அதன் பேரபலம் கூடியிருந்தது.

5. ஆளும் தரப்பில் பிளவுன்னு சொல்றாங்களே, வெளியில் இருக்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பேச்சை விட்டுவிட்டு, யார் எந்த உத்தரவை நிறைவேற்றவில்லை என்று பாருங்கள். இந்தோனேசியாவில் 1998 மே 18 அன்று, அதிபர் சுகார்த்தோவின் சொந்த ஆளான நாடாளுமன்றத் தலைவர் ஹார்மோக்கோ அவரைப் பதவி விலகும்படி வெளிப்படையாகக் கேட்டார். 20-ஆம் தேதி இரவு 14 அமைச்சர்கள் புதிய அமைச்சரவையில் சேர மறுத்தார்கள். மறுநாள் காலை சுகார்த்தோ விலகினார்.

சிலியில் 1988 அக்டோபர் 5 பொது வாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதம் பேர் ராணுவ ஆட்சியாளர் பினோசே தொடரக் கூடாது என்று வாக்களித்தார்கள். அன்றிரவு அரசு முடிவை அறிவிக்காமல் இழுத்தடித்தபோது, ஆளும் ராணுவக் குழுவின் கூட்டத்துக்கு வந்த விமானப்படைத் தளபதி மத்தேய், "இல்லை" தரப்பு வென்றுவிட்டது என்று வாசலிலேயே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். அதற்குமேல் மறைக்க வழியில்லாமல் போயிற்று.

6. பேச்சுவார்த்தை மேசையில் உண்மையில் என்னதான் பேசுவாங்க?

கொள்கை விளக்கங்கள் முதல் நாளோடு முடிந்துவிடும். பிறகு பேசப்படுவதெல்லாம் குறிப்பான சங்கதிகள்: எந்த அமைப்புகளின் மீதான தடை எப்போது நீங்கும், யாருக்கு மன்னிப்பு, தேர்தல் முறை என்ன, எத்தனை இடங்களுக்குப் போட்டி, வானொலி தொலைக்காட்சியில் யாருக்கு எவ்வளவு நேரம், வாக்கை யார் எண்ணுவார்கள், ராணுவ வரவுசெலவு யாரிடம், அரசு ஊழியர்களின் வேலையும் ஓய்வூதியமும் என்னாகும், இறுதி அரசியலமைப்பை யார் எழுதுவார்கள்.

போலந்து வட்டமேசை 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை நடந்தது. கீழவையின் 460 இடங்களில் 161-க்கு மட்டும் சுதந்திரப் போட்டி; மீதி 65 சதவீதம் ஆளும் கூட்டணிக்கு. புதிதாக உருவாக்கிய 100 பேர் மேலவைக்கு முழுப் போட்டி. இந்தப் பங்கீட்டில் பத்திரமாக இருப்போம் என்று ஆளும் கட்சி நம்பியது. ஜூன் தேர்தலில் சாலிடாரிட்டி 161-ஐயும் மேலவையில் 99-ஐயும் அள்ளியது. அதுவரை கம்யூனிஸ்டுகளின் நிழலில் இருந்த இரண்டு சிறு கட்சிகள் பக்கம் மாறின. 65 சதவீதப் பெரும்பான்மை காகிதத்தில் மட்டும் மிஞ்சியது. ஆகஸ்ட் 24 அன்று சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. ஆளும் தரப்பின் முக்கியப் புள்ளிகள் 35 பேர் எதிர்ப்போட்டி இல்லாமல் நின்ற தேசியப் பட்டியலில், பாதிக்கு மேல் வாக்கு பெற்று முதல் சுற்றில் தேறியவர்கள் இருவர் மட்டுமே. மீதி 33 இடங்களை நிரப்ப விதியில் வழியே இல்லை. சாலிடாரிட்டி தன் வெற்றியைக் காட்டி மறுத்திருக்கலாம். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு முன் விதியைத் திருத்த ஒப்புக்கொண்டது. பேசியதைக் காப்பாற்றுவார்கள் என்று ஆளும் தரப்புக்குக் காட்டிய இடம் அது. அதிபர் பதவிக்கு கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி ஜூலையில் தேவையைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று வர முடிந்ததும் இந்த நிதானத்தால்தான்.

7. பழைய ஆட்சியில் பதவியில் இருந்தவரே மாற்றத்தை நடத்துறதை எப்படி நம்புறது?

நம்பிக்கையை ஆளின் மீது வைக்க வேண்டாம். அவர் எடுக்கும் அடிகளைத் தேதி வாரியாகப் பாருங்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். 1976 ஜூலையில் மன்னர் பிரதமராக நியமித்த அடோல்ஃபோ சுவாரெஸ், பிராங்கோவின் ஒரே கட்சியான தேசிய இயக்கத்தின் பொதுச்செயலாளராக இருந்தவர். எதிர்க்கட்சிகள் அவரை நம்பாததில் வியப்பில்லை.

அவர் செய்தவற்றைப் பாருங்கள். அந்த ஆண்டு நவம்பரில், பிராங்கோ காலத்து நாடாளுமன்றத்தையே தன்னைக் கலைத்துக்கொள்ளும் சட்டத்துக்கு வாக்களிக்க வைத்தார்: ஆதரவு 425, எதிர்ப்பு 59. பழைய சட்டத்தின் நடைமுறைப்படியே அது நடந்ததால் "சட்டத்தை மீறிவிட்டார்கள்" என்று ராணுவம் சொல்ல இடமில்லாமல் போயிற்று. டிசம்பரில் பொது வாக்கெடுப்பு. 1977 ஏப்ரல் 9, ஈஸ்டர் விடுமுறைச் சனிக்கிழமை, கம்யூனிஸ்ட் கட்சி சட்டபூர்வமானது. பதிலுக்கு அதன் தலைவர் கரீயோ முடியாட்சியையும் கொடியையும் ஏற்றார். ஜூன் 15 அன்று தேர்தல். பதவியேற்று ஓராண்டுக்குள் இவ்வளவும்.

ஆகவே எந்த நாட்டிலும் கேட்க வேண்டியது: மாற்றத்தை நடத்துபவர் தன் கட்சியின் அதிகாரத்தைக் குறைக்கும், திரும்பப் பெறக் கடினமான அடியை முதல் சில மாதங்களுக்குள் எடுக்கிறாரா? எடுக்காமல் குழு அமைப்பது, கருத்துக் கேட்பது, "உரிய நேரத்தில்" என்று சொல்வது மட்டுமே நடந்தால் அவர் நேரம் வாங்குகிறார்.

8. கொன்றவர்களுக்கும் சித்திரவதை செய்தவர்களுக்கும் மன்னிப்பு கொடுத்தது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். அதை "தேசிய நல்லிணக்கம்" என்று பூசி மெழுகக் கூடாது. ஆனால் தண்டிக்கும் வலிமை அன்று யாரிடம் இருந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போகவும் முடியாது. அர்ஜென்டினாவில் ராணுவம் தோற்று ஓடியது (3-ஆம் கேள்வி). அது போகும்போது தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட மன்னிப்பை, அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அல்போன்சின் அரசு ரத்து செய்தது. 1985-இல் ராணுவ ஆட்சிக் குழுவில் இருந்த விதேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை. விசாரணை கீழ்நிலை அதிகாரிகளை நெருங்கியதும் 1987 ஈஸ்டர் வாரத்தில் ராணுவக் கலகம் வெடித்தது. அந்த ஆண்டே, மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்களுக்கு விலக்கு தரும் சட்டம் வந்தது. 2003-இல் நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கி, 2005-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த பிறகு வழக்குகள் மீண்டும் தொடங்கின.

ஸ்பெயின் 1977 அக்டோபரில் மொத்த மன்னிப்பு கொடுத்தது. தென்னாப்பிரிக்கா தனித்தனியாக விண்ணப்பிக்கச் சொன்னது: அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று நிறுவி, முழு உண்மையையும் சொன்னால் மட்டுமே மன்னிப்பு. மூன்றில் இதுவே மேல் என்பது எங்கள் கணிப்பு. யார் எங்கே புதைக்கப்பட்டார் என்பதையாவது குடும்பங்கள் அறியும். கோப்புகளை அழிக்க விடாமல் முதல் வாரத்திலேயே முத்திரையிடுவது எந்த வழியிலும் கட்டாயம். இன்று தண்டிக்க முடியாமல் போனாலும் ஆதாரம் இருந்தால் இருபது வருடம் கழித்தும் வழக்கு நடத்தலாம்.

9. ராணுவத்தை எப்போ, எப்படிக் கட்டுக்குள் கொண்டுவர்றது?

அவசரப்பட்டால் கலகம், தாமதித்தால் அடிமைத்தனம். வேலை செய்த வரிசை ஏறத்தாழ இதுதான்: முதலில் காவல்துறையையும் உளவுத்துறையையும் ராணுவத்திலிருந்து பிரிப்பது, பிறகு நாடாளுமன்ற இடங்களையும் அமைச்சுகளையும் மீட்பது, பிறகு பதவி உயர்வும் வரவுசெலவும், கடைசியில் ராணுவத்தின் தொழில்கள். இந்தோனேசியாவில் ராணுவத்துக்கு ஒதுக்கிய நாடாளுமன்ற இடங்கள் 75-இலிருந்து 1999-இல் 38 ஆகி, 2004-இல் இல்லாமல் போயின. ஸ்பெயினில் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கென்று இருந்த மூன்று அமைச்சுகளை 1977-இல் ஒரே பாதுகாப்பு அமைச்சாக்கினார்கள்.

அப்படிச் செய்தும் 1981 பிப்ரவரி 23 அன்று சிவில் கார்டு காவல்படை அதிகாரி தெஹேரோவின் ஆட்கள் ஸ்பெயின் நாடாளுமன்றத்தைத் துப்பாக்கிமுனையில் பிடித்தார்கள். வலென்சியா தெருக்களில் பீரங்கி வண்டிகள் இறங்கின. நள்ளிரவு கடந்து மன்னர் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி அரசியலமைப்பின் பக்கம் நின்றார். மற்ற தளபதிகள் சேரவில்லை. கலகக்காரர்கள் கணக்கில் விட்டது, கட்சிகளில் எதுவுமே அவர்களுக்குத் துணை போகவில்லை என்பதை. தளபதிகளின் கதவைத் தட்டும் அரசியல்வாதி இல்லாத நாட்டில் ஆட்சிக்கவிழ்ப்பு நிலைப்பது கடினம்.

10. ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்ததெல்லாம் அப்படியே நிரந்தரமா தங்கிடாதா?

தங்கும், முடிவுத் தேதி எழுதாவிட்டால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சலுகை கொடுப்பது தப்பில்லை. எப்போது முடியும், யார் திருத்தலாம் என்ற இரண்டையும் எழுதாமல் கொடுப்பதுதான் தப்பு.

தென்னாப்பிரிக்காவில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ 1992-இல் முன்வைத்த யோசனை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதிகாரப் பகிர்வு என்பது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தரப்பின் தீவிர இடதுசாரியே சொன்னதால் அது எடுபட்டது. 1994-க்குப் பின் ஐந்தாண்டுகள் தேசிய ஒற்றுமை அரசு: 5 சதவீத இடம் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு, 80 இடம் பெற்ற கட்சிக்குத் துணை அதிபர் பதவி. இறுதி அரசியலமைப்பில் இந்த ஏற்பாடு தொடரவில்லை. அந்த இறுதி அரசியலமைப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்கு உட்பட்டதா என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1996 செப்டம்பரில் நீதிமன்றம் ஒரு முறை திருப்பியே அனுப்பியது.

சிலியில் எல்லாச் சலுகைக்கும் முடிவுத் தேதி எழுதவில்லை. பினோசே 1998 வரை ராணுவத் தளபதியாக இருந்தார். தேர்தலில் நிற்காமல் நியமனத்தால் மேலவைக்கு வந்த செனட்டர்களை நீக்க 2005 வரை ஆனது. மியான்மர் இன்னும் மோசம்: 25 சதவீத இடம் ராணுவத்துக்கு, அரசியலமைப்பைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ராணுவம் சம்மதிக்காமல் ஒரு வரியும் மாறாது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியையே கைப்பற்றியது.

11. எதிர்த்தரப்புத் தலைவர்கள் அதிகமா சறுக்குற இடம் எது?

பொது எதிரி சாயும் முன்பே வாரிசுச் சண்டை. தென்கொரியாவில் 1987 ஜூன் போராட்டத்தின் பலனாக நேரடி அதிபர் தேர்தல் கிடைத்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங்-சாம், கிம் டே-ஜுங் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முறையே சுமார் 28, 27 சதவீதம் பெற்றார்கள். பழைய ஆட்சியின் வேட்பாளர் ரோ டே-வூ 36.6 சதவீதத்தில் ஜெயித்தார். சேர்ந்து நின்றிருந்தால் 55. பொது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே எழுதி வைப்பதுதான் இதற்கு மருந்து.

இன்னொன்று, வென்றபின் தனியாக ஆள நினைப்பது. எகிப்தில், சர்வாதிகாரி முபாரக் வீழ்ந்தபின் தேர்தலில் வென்று அதிபரான முர்சி 2012 நவம்பரில் தன் முடிவுகளை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதபடி ஆணை பிறப்பித்தார். முபாரக்கை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற மற்ற கட்சிகள் விலகின. அவர்களில் பலர் 2013 ஜூலையில் முர்சியைக் கவிழ்த்த ராணுவத்தை வரவேற்கும் நிலைக்கே போனார்கள்.

12. பழைய ஆட்கள் எல்லாரையும் மொத்தமா வெளியேத்திட்டா பிரச்சினை தீர்ந்துடாதா?

ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் செய்தது அதுதான். 16-ஆம் தேதி ஆணையால் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள், ஆசிரியர்களும் மருத்துவர்களும் உட்பட. 23-ஆம் தேதி ஆணையால் ராணுவமே கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சியும் மனக்கசப்பும் உள்ள லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கிளர்ச்சிக் குழுக்களுக்கு ஆள் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

நீக்குவதென்றால் கட்சி உறுப்பினர் அட்டையை வைத்து அல்ல, செய்த செயலையும் வகித்த பதவியையும் வைத்து, ஆளுக்கு ஆள், மேல்முறையீட்டு உரிமையோடு நீக்க வேண்டும்.

13. மேல்மட்டமே பேசி முடிச்சுக்கிட்டா அது அவங்க பங்காளி ஜனநாயகமா ஆகிடாதா?

ஆகும் ஆபத்து நிஜமானது. வெனிசுவேலாவில் 1958 அக்டோபர் 31 அன்று மூன்று கட்சிகள் புந்தோ ஃபீகோ உடன்படிக்கை செய்தன: யார் வென்றாலும் முடிவை மதிப்போம், கூட்டாக ஆள்வோம். சர்வாதிகாரத்தை எதிர்த்த கம்யூனிஸ்டுகளை வெளியே நிறுத்தினார்கள். சுற்றிலும் ராணுவ ஆட்சிகள் இருந்த காலத்தில் அந்த உடன்படிக்கை தேர்தல் ஜனநாயகத்தைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எண்ணெய் வருமானம் இரு பெருங்கட்சிகளின் வழியாகவே வழிந்தது. வருமானம் சுருங்கியதும் வெளியே நின்றவர்களின் கோபம் 1989 கலவரத்தில் வெடித்தது. 1998 அதிபர் தேர்தலில், அந்தப் பழைய கட்சிகளை எதிர்த்து நின்ற சாவேஸ் வென்றார்.

கொலம்பியாவில் 1958 முதல் 1974 வரை இரண்டு கட்சிகள் அதிபர் பதவியை முறைவைத்து மாற்றிக்கொண்டன. மூன்றாவது தரப்புக்கு வாக்குப்பெட்டி மூடியிருந்த அந்தக் காலத்தில்தான் ஆயுதக் குழுக்கள் முளைத்தன. ஆகவே மேசையில் உட்காராதவர் அடுத்த தேர்தலில் சமமாகப் போட்டியிட முடியுமா என்பதே சோதனை. தென்னாப்பிரிக்காவில் 1994-இல் இன்காதா கட்சி வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்புதான் பங்கேற்கச் சம்மதித்தது. அச்சாகிவிட்ட வாக்குச்சீட்டுகளின் அடியில் அதன் பெயரை ஒட்டுத்தாளாக ஒட்டினார்கள். செலவும் அலைச்சலும் பார்க்காமல் கதவைக் கடைசிவரை திறந்து வைத்ததற்கு இது எடுத்துக்காட்டு.

14. விலைவாசி எகிறிட்டு இருக்கும்போது யாருக்கு அரசியலமைப்பு பற்றிக் கவலை?

சரியான கேள்வி. அதனால்தான் ஸ்பெயினில் கட்சிகள் அரசியலமைப்பை எழுதும்போதே 1977 அக்டோபரில் மொன்க்ளோவா ஒப்பந்தங்களைச் செய்தன. பணவீக்கம் 26 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இடதுசாரிகள் ஊதிய உயர்வுக்கு வரம்பை ஏற்றார்கள். அரசு வரிச் சீர்திருத்தத்துக்கும் சமூகச் செலவுக்கும் உறுதி தந்தது. யாரும் மற்றவரின் பொருளாதாரக் கஷ்டத்தைத் தேர்தல் ஆயுதமாக்காத ஒரு வருடம் கிடைத்தது.

15. எல்லாத்தையும் எழுதி வெச்சும் சில நாடுகளில் ஏன் கவிழ்ந்துபோகுது?

எழுதிய அமைப்பைக் கட்டாமல் விடுவது ஒரு காரணம். துனிசியாவில் 2013-இன் இரண்டு அரசியல் படுகொலைகளுக்குப் பின், தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் நடுவில் நின்று சமரசம் செய்தன. 2014-இல் நல்ல அரசியலமைப்பு வந்தது. அது கேட்ட அரசியலமைப்பு நீதிமன்றம் மட்டும் அமையவே இல்லை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய 145 வாக்குகளைக் கட்சிகளால் திரட்ட முடியவில்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, அது செல்லாது என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லை.

இன்னொரு காரணம், கைமாறும் நாள் நெருங்குவது. சூடானில் 2019 ஆகஸ்ட் ஏற்பாட்டின்படி இறையாண்மைக் குழுவின் தலைமை முதல் 21 மாதங்கள் ராணுவத்திடம், அடுத்த 18 மாதங்கள் குடிமைத் தரப்பிடம். பிறகு காலக்கெடு தள்ளிப்போனது. 2021 அக்டோபரில், தலைமையை ஒப்படைக்க வேண்டிய தருணம் நெருங்கியபோது ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 10-ஆம் கேள்வியில் சொன்ன முடிவுத் தேதி இங்கே இருந்தது. அந்தத் தேதியை நிறைவேற்ற வைக்கும் பலம்தான் யாரிடமும் இல்லை. ஆயுதமும் சொந்த வருமானமும் ராணுவத்திடமும் துணை ராணுவப் படையிடமும் அப்படியே இருந்தன.

16. மாற்றம் முடிஞ்சிடுச்சுன்னு எப்போ சொல்லலாம்?

மாற்றத்தை நடத்தியவர்கள் தோற்று, தோல்வியை ஏற்று, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது பாதி முடிகிறது. ஸ்பெயினில் 1982-இல் சோசலிஸ்டுகள் வென்றார்கள், ராணுவம் நகரவில்லை. தைவானில் 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கி, 1996-இல் முதல் நேரடி அதிபர் தேர்தல் நடந்தது. 2000-இல் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றபோது கோமின்டாங் தைவானில் அரை நூற்றாண்டாக வைத்திருந்த அதிகாரத்தை ஒப்படைத்தது. 2008-இல் வாக்குப்பெட்டி வழியாகவே திரும்பி வந்தது.

மீதிப் பாதிக்கு, தோற்ற கட்சி என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் தலைவர்கள் மறுநாள் ராணுவத் தளபதியைச் சந்திக்கப் போகிறார்களா, அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் தேடப் போகிறார்களா?